காது சுட்டாலே காய்ச்சல் என்றில்லை: தொழுவத்திலும் வீட்டிலும் நோயுற்ற பிராணியைக் கவனிக்கும் முறை

மாடு படுத்துவிட்டது என்று டாக்டருக்குப் போன் போட்டால் அவர் முதலில் கேட்பது, "டெம்பரேச்சர் எவ்வளவு?" என்பதைத்தான். "உடம்பு சுடுதுங்க" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. சித்திரை வெயிலில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நோயில்லாத மாட்டின் தோலும் காதும் சுடத்தான் செய்யும். அதனால் ஆசனவாய் வழியாகத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது ஒன்றே சரியான வழி.

மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அதன் பின்முனையில் ஒரு முழ நூலைக் கட்டி, நூலின் மறுமுனையில் துணி கிளிப் ஒன்றை மாட்டி, வால் மயிரில் கவ்வ விடுங்கள். நூல் இல்லாவிட்டால் மாடு சாணி போடும்போது தெர்மாமீட்டரும் சேர்ந்து விழுந்துவிடும். முனையில் வாசலின் தடவி, பக்கவாட்டில் சாய்த்து, உள்சுவரில் படும்படி வையுங்கள். முனை சாணிக்குள் புதைந்தால் அளவு குறைத்துக் காட்டும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. சந்தேகம் வந்தால் எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

மாட்டுக்கு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. ஆட்டுக்கு 101.5 முதல் 103.5. நாய்க்கு 101 முதல் 102.5. ஆகவே ஆட்டுக்கு 103 என்றால் பயப்பட வேண்டியதில்லை, அதே 103 நாய்க்குக் காய்ச்சல். வெயிலில் நடந்து வந்த மாட்டுக்கும், மஞ்சுவிரட்டில் ஓடித் திரும்பிய புலிக்குளம் காளைக்கும் உடனே பார்த்தால் அளவு ஏறியே இருக்கும். நிழலில் அரை மணி நேரம் நிறுத்தி, மூச்சு அடங்கிய பிறகு பாருங்கள். நோயுற்ற பிராணிக்குக் காலை ஆறு, மாலை ஆறு என்று நேரம் மாறாமல் எடுத்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

தெர்மாமீட்டர் வைக்குமுன், பிராணியைத் தொடாமல் சற்றுத் தள்ளி நின்று மூச்சை எண்ணிவிடுங்கள். தொட்டபின் எண்ணினால் பதற்றத்தில் கூடிவிடும். விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரட்டியுங்கள். தூங்கும் நாய்க்கு நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து போனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாடித்துடிப்பு மாட்டுக்கு வாலின் அடிப்பக்கம், ஆசனவாயிலிருந்து நான்கு விரற்கடை கீழே கிடைக்கும். 60 முதல் 80 இயல்பு. நாய்க்கும் ஆட்டுக்கும் பின்தொடையின் உட்புறம் தடவிப் பாருங்கள்.

ஆடு மாடுகளில் காய்ச்சலைவிடப் பல சமயம் வயிறுதான் முதலில் சேதி சொல்லும். இடப்பக்கம் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அதில் மூடிய கையை அழுத்தி வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். உள்ளிருந்து ஏதோ ஒன்று உங்கள் கையை மெதுவாகத் தூக்கி இறக்குவது போலிருக்கும். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை தூக்கினால் வயிறு ஒழுங்காக இயங்குகிறது. ஒருமுறைகூட இல்லையென்றால், மாடு நின்றுகொண்டிருந்தாலும் அது நோயாளிதான்.

செட்டிநாட்டில் இதை முக்கியமாகச் சொல்லக் காரணம் விருந்துச் சோறு. கல்யாணம், முன்னோருக்கான படைப்பு முடிந்து மீந்த சோற்றை அண்டாவோடு மாட்டுக்குக் கொட்டுவது அன்பால் செய்வதுதான், ஆனால் அதுவே மாட்டைக் கொல்லும். மாவுச்சத்து வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிறது. ஒரு நாளுக்குள் அசைபோடுவது நின்று, புளித்த வாடையோடு தண்ணீராகக் கழிந்து, நடை தள்ளாடும். அப்போது தெர்மாமீட்டர் இயல்பாகவோ குறைவாகவோ காட்டலாம், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். எண்ணெயோ கஷாயமோ புகட்டாமல் உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழையுங்கள், எத்தனை கிலோ தின்றது, எப்போது தின்றது என்பதைச் சொல்லுங்கள்.

கன்று ஈன்ற மூன்று நாளுக்குள் கறவை மாடு படுத்து, காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டால் பெரும்பாலும் பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடல் வெப்பம் குறைந்தே இருக்கும். வாய்வழியாக எதையும் ஊற்றாதீர்கள், விழுங்கும் சக்தி இல்லாததால் நுரையீரலுக்குள் போய்விடும். கால்சியம் டாக்டர் கையால் ரத்தக்குழாயில் மெதுவாக ஏற வேண்டியது. அதுவரை வைக்கோல் திணித்த சாக்கை இருபுறமும் முட்டுக்கொடுத்து நெஞ்சின்மேல் படுக்கவையுங்கள். பக்கவாட்டில் சரிந்து கிடந்தால் வயிறு உப்பிவிடும். சில மணிக்கொருமுறை பக்கம் மாற்றுங்கள்.

நாய்க்கு ஈறைப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதமானாலோ, ஈறு வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தாலோ காத்திருக்காதீர்கள். உண்ணிக் காய்ச்சலிலும் இப்படி வெளிறும். வெயில் தாக்கி 105-க்கு மேல் போனால் குழாய்த் தண்ணீரை ஊற்றி மின்விசிறிக்கு அடியில் வையுங்கள், 103.5-க்கு வந்ததும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரையை நாய்க்கோ பூனைக்கோ தரவே கூடாது. பூனைக்குப் பாராசிட்டமால் விஷம்.

ஆப்பரேஷன் முடிந்து வந்த நாயை வழவழப்பான ஆத்தங்குடி கல் தரையில் விட்டால் பின்கால் விரிந்து தையல் பிரியும். கோணிச்சாக்கை ஈரமில்லாமல் விரித்து, அதன்மேலேயே நடக்க விடுங்கள்.