குவார்ட்டர்பேக்கை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். 2022 ஜனவரி 23 அன்று கான்சாஸ் சிட்டியில் நடந்த என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ப்ளே-ஆஃப் ஆட்டத்தில் பஃபலோ பில்ஸின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் 37 பாஸ் எறிந்தார். 27 போய்ச் சேர்ந்தன. 329 யார்டு, நான்கு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது), இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது) ஒன்றுகூட இல்லை. ஆட்டம் முடிய 13 விநாடி இருக்கும்போது அணியை 36-33 என்று முன்னிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் வெளியே போனார். அந்த 13 விநாடிக்குள் பில்ஸின் டிஃபென்ஸ் (தடுப்பாட்டக்காரர்கள்) எதிரணியான கான்சாஸ் சிட்டி சீஃப்ஸை 44 யார்டு போகவிட்டது. ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) விழுந்து ஆட்டம் சமன். ஓவர்டைமில் டாஸ் சீஃப்ஸுக்கு விழுந்தது, பந்து கிடைத்த முதல் முறையிலேயே டச்டவுன், 42-36 என்று கதை முடிந்தது. ஓவர்டைமில் ஆலன் கைக்குப் பந்து வரவே இல்லை. ப்ளே-ஆஃப் ஓவர்டைமில் இரண்டு அணிக்கும் ஒரு முறையாவது பந்து கிடைக்க வேண்டும் என்று என்எஃப்எல் விதியையே மாற்றியது இந்த ஆட்டத்துக்குப் பிறகுதான்.

ஆனாலும் குவார்ட்டர்பேக்குகளின் வெற்றி தோல்விப் பட்டியலில் அது ஆலன் பெயரில் ஒரு தோல்வி. "பெரிய ஆட்டத்தில் ஜெயிக்கத் தெரியாதவர்" என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். இது நியாயமே இல்லை. ஒரு குவார்ட்டர்பேக்கின் பலம், பலவீனம் என்று எதை எழுத உட்கார்ந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நான் பார்த்ததில் எவ்வளவு இவருடைய வேலை, எவ்வளவு மற்றவர்களுடையது? இதைக் கேட்காமல் தொடங்கினால் அப்புறம் எழுதுவதெல்லாம் கோணலாகத்தான் போகும்.

சூப்பர் பவுல் எனும் இறுதிப் போட்டியை வென்றவர்களுக்குக் கிடைக்கும் மோதிரத்தை எண்ணுவதும் இதே தவறுதான். 2000 சீசனில் பால்டிமோர் ரேவன்ஸ் கோப்பை வென்றபோது குவார்ட்டர்பேக் டிரெண்ட் டில்ஃபர். அந்த அணியை ஜெயிக்கவைத்தது என்எஃப்எல் கண்ட மிகச் சிறந்த டிஃபென்ஸ்களில் ஒன்று. 1984-லேயே 5,084 யார்டும் 48 டச்டவுனும் எறிந்த டான் மரீனோவுக்கு ஒரு மோதிரம்கூடக் கிடைக்கவில்லை. டில்ஃபர்தான் மேலானவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இப்போது ஆடுபவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அதே அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

எண்கள் சொல்லாமல் விடுவது

சரி, வெற்றி தோல்வி வேண்டாம், புள்ளிவிவரம் பார்க்கலாம் என்றால் அங்கேயும் கண்ணி இருக்கிறது. கம்ப்ளீஷன் சதவீதத்தை (எறிந்ததில் எத்தனை பிடிக்கப்பட்டன என்பதை) எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது டவுன் (முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), இன்னும் 12 யார்டு வேண்டும். குவார்ட்டர்பேக் பக்கத்தில் நிற்பவருக்கு 4 யார்டு பாஸ் கொடுக்கிறார், அடுத்த பிளேயில் பன்ட் (பந்தை உதைத்து எதிரணிக்கு விட்டுக்கொடுப்பது). கணக்கில் இது வெற்றிகரமான பாஸ். பிளே தொடங்கும் கோடான லைன் ஆஃப் ஸ்க்ரிம்மேஜுக்குப் பின்னாலேயே எறியும் ஸ்கிரீன் பாஸை வாங்கிக்கொண்டு ரிசீவர் 60 யார்டு ஓடினால் அந்த 60-ம் எறிந்தவர் பெயரில் ஏறும். எனவே மொத்த யார்டைப் பார்க்கும்போது காற்றில் எவ்வளவு தூரம், பிடித்த பிறகு ஓடியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

1973 முதல் புழக்கத்தில் இருக்கும் பாஸர் ரேட்டிங்கில் நான்கு விஷயங்கள்தான் உண்டு: கம்ப்ளீஷன், ஒரு பாஸுக்கு எத்தனை யார்டு, டச்டவுன், இன்டர்செப்ஷன். சாக் (எறிவதற்குள் பந்தோடு விழுத்தப்படுவது) அதில் இல்லை, ஃபம்பிள் (பந்தைக் கைநழுவவிடுவது) இல்லை, ஓடி எடுத்த யார்டும் இல்லை. ஒருவர் தான் எறியும் ஒவ்வொரு பந்தையும் தரையில் அடித்தால்கூட 39.6 ரேட்டிங் வரும். ஆலன், லமார் ஜாக்சன் போலக் காலாலும் ஆட்டத்தைத் திருப்புபவர்களை இந்த எண்ணை வைத்து அளந்தால் பாதி ஆளைத்தான் பார்க்கிறோம்.

இன்டர்செப்ஷன் எண்ணிக்கைதான் பலரை ஏமாற்றுகிறது. ரிசீவரின் நெஞ்சில் பட்டுத் தெறித்த பந்தை எதிரணி பிடித்தாலும் அது எறிந்தவர் தலையில்தான் விழும். எதிரணி ஆளின் கைக்கே நேராக எறிந்து அவர் கோட்டைவிட்டால் ஒன்றும் பதிவாகாது. கேட்ச் கோட்டைவிட்டதால் தப்பித்த பேட்ஸ்மேனின் 80 ரன்னைப் போலத்தான். ஸ்கோர்கார்டில் அந்தக் கேட்ச் தெரியாது. ஆகவே எத்தனை இன்டர்செப்ஷன் என்பதைவிட, இன்டர்செப்ஷன் ஆகியிருக்க வேண்டிய பந்துகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். படம் வேறாக வரும்.

வானிலையையும் மறக்கக் கூடாது. 2021 டிசம்பர் 6 அன்று பஃபலோவில் அடித்த காற்றில் நியூ இங்கிலாந்தின் மேக் ஜோன்ஸ் ஆட்டம் முழுக்க மூன்றே பாஸ்தான் எறிந்தார். அவர் அணி 14-10 என்று ஜெயித்தது. அந்த ஒரு ராத்திரியை வைத்து இரண்டு குவார்ட்டர்பேக்குகளையும் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

சாக் யார் குற்றம்?

குவார்ட்டர்பேக் பந்தோடு விழுந்தால் உடனே முன்னால் நின்று அவரைக் காக்கும் அஃபென்சிவ் லைனைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. லைன் மோசமாக இருந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்பது உண்மை. 2002-ல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்ஸன்ஸில் டேவிட் கார் 76 முறை விழுத்தப்பட்டார். ஒரு சீசனில் அதற்கு மேல் யாரும் விழுந்ததில்லை. ஆனால் சாக் என்பதில் குவார்ட்டர்பேக்கின் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரியது. பந்தை எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறார், எந்தப் பக்கம் ஆள் வருவான் என்று ஸ்னாப்புக்கு (பிளே தொடங்கப் பந்து கைக்கு வருவதற்கு) முன்பே கணித்து லைனுக்குச் சொல்கிறாரா, ஒன்றும் திறக்கவில்லை என்றால் வெளியே எறிந்துவிட்டு அடுத்த பிளேக்குப் போகும் மனசு இருக்கிறதா? இவை எல்லாம் அவருடையவை. அதனால்தான் ஒரு குவார்ட்டர்பேக் அணி மாறினாலும் அவர் சாக் ஆகும் விகிதம் பெரும்பாலும் அவர் கூடவே போகிறது. பேய்ட்டன் மேனிங் இண்டியானாபோலிஸில் இருந்தபோதும் டென்வருக்குப் போன பிறகும் அபூர்வமாகத்தான் விழுந்தார். அவர் வேகமாக ஓடக்கூடியவர் இல்லை, ஆனால் பந்து அவர் கையில் தங்காது.

2024-ல் சிகாகோ பேர்ஸின் கேலப் வில்லியம்ஸ் தன் முதல் சீசனிலேயே 68 முறை சாக் ஆனார். லைன் பலவீனமாக இருந்தது. அவரும் இன்னும் ஏதாவது திறக்கும் என்று பந்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. அதே ஆண்டு ஆலன் சாக் ஆனது 14 முறைதான்.

டிவியில் தெரியாதது

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். டிவி கேமரா பந்தின் பின்னால் போகிறது. பந்து பறந்து போகும் இடத்தில் ஒருவர் பிடிக்கிறார் அல்லது விடுகிறார், அதைப் பார்த்து நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மறுபக்கம் யார் தனியாக நின்றார், சேஃப்டி (பின்வரிசைத் தடுப்பாளர்) எங்கிருந்து எங்கே நகர்ந்தார் என்பது திரையில் வரவே இல்லை. 22 பேரையும் உயரத்திலிருந்து காட்டும் கோச்சுகளின் வீடியோ இப்போது சந்தா கட்டும் ரசிகர்களுக்கும் கிடைக்கிறது. ஒருவரைப் பற்றி ஆணித்தரமாக ஏதாவது சொல்ல ஆசைப்பட்டால் அவர் ஆட்டங்கள் சிலவற்றையாவது அதில் பாருங்கள்.

எதைப் பார்ப்பது? ஒரு பிளேயை எடுத்துக்கொள்வோம். ஸ்னாப்புக்கு முன் பின்வரிசையில் சேஃப்டிகள் இருவர் ஆழமாக நிற்கிறார்கள். குவார்ட்டர்பேக் ஒரு ரிசீவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடச் சொல்கிறார். அவரை ஒரு டிஃபெண்டர் துரத்திக்கொண்டு போனால் மேன் கவரேஜாக (ஆளுக்கு ஆள் காவலாக) இருக்கலாம். யாரும் நகராவிட்டால் ஸோனாக (ஒவ்வொருவரும் ஓர் இடத்தைக் காப்பதாக) இருக்கலாம். ஸ்னாப் ஆன அதே நொடியில் ஒரு சேஃப்டி கீழே இறங்குகிறார், இன்னொருவர் நடுவுக்குப் போகிறார். முன்னால் காட்டியது ஒன்று, இப்போது ஆடுவது வேறு. இதைக் குவார்ட்டர்பேக் கவனித்தாரா? கண்ணை முதல் ரிசீவர் மேலேயே ஒட்டவைத்திருக்கிறாரா, இல்லை இரண்டாவது, மூன்றாவது ஆளுக்கு நகர்த்துகிறாரா? கண் நகரும்போது காலும் சேர்ந்து நகர்கிறதா? பின்வாங்கி, பின்னங்காலை ஊன்றும் தருணத்தில் பந்து கிளம்புகிறதா, இல்லை ஊன்றிய பிறகு இரண்டு முறை குதித்துக்கொண்டு நிற்கிறாரா? நல்ல பாஸ் பல சமயம் ரிசீவர் திரும்பிப் பார்க்கும் முன்பே கையை விட்டிருக்கும்.

பந்து போய்ச் சேரும் இடத்தையும் பாருங்கள். குறுக்கே ஓடிவரும் ரிசீவருக்கு நெஞ்சுக்குச் சற்று முன்னால் வந்தால் வேகம் குறையாமல் பிடித்துக்கொண்டு இன்னும் 15 யார்டு ஓடுவார். அதே பந்து இடுப்புக்குப் பின்னால் போனால் திரும்பி, தடுமாறிப் பிடித்து அங்கேயே விழுவார். புள்ளிவிவரத்தில் இரண்டுமே கம்ப்ளீட். துல்லியம் என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி இந்த இரண்டடி வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இப்படிப் பார்த்தால் இன்னொன்றும் பிடிபடும். நல்ல முடிவு மோசமாக முடியலாம், மோசமான முடிவு டச்டவுனாகவும் முடியலாம். மூன்று டிஃபெண்டர்களுக்கு நடுவே எறிந்து ரிசீவர் எம்பிப் பிடித்த அந்தப் பந்தை வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். அதை நிம்மதியாகப் பலம் என்று எழுதிவிடாதீர்கள்.

பலமும் பலவீனமும் ஒரே வேரிலிருந்து

இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் பலம், வலப்பக்கம் பலவீனம் என்று எழுதுவது வசதிதான். ஆனால் அந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே குணத்தின் இரு முகங்கள். 2020 ஜனவரியில் ஹூஸ்டனில் நடந்த ப்ளே-ஆஃபில் ஆலன் தானே ஒரு டச்டவுன் பாஸைப் பிடித்தார். பில்ஸ் 16-0 என்று முன்னால் போனது, பிறகு சறுக்கியது. ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் ஓடிக்கொண்டிருந்த ஆலன், எதிராளி பிடிக்க வருகிறார் என்று தெரிந்தும் சக வீரர் டாசன் நாக்ஸ் பக்கம் பந்தை அப்படியே தூக்கி எறிந்தார். பந்து எதிரணிக்குப் போகாமல் தப்பித்தது. ஓவர்டைமில் ஆட்டம் போனது. பிளே செத்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளாத அந்தப் பிடிவாதம்தான் அவரைத் தடுக்க முடியாத ஆளாகவும் ஆக்குகிறது. 2023-ல் 18 இன்டர்செப்ஷன் எறிந்தார். அதே சீசனில் ஓடி 15 டச்டவுன் எடுத்தார். "ரிஸ்க் எடுக்கிறார்" என்பதைப் பலவீனமாக மட்டும் குறித்துக்கொண்டவர்கள் 2024-ல் இன்டர்செப்ஷன் ஆறாகக் குறைந்து எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த வீரர்) விருது வந்தபோது திகைத்தார்கள். அவர் குணம் மாறவில்லை; எப்போது அதைக் கட்டிவைப்பது என்று கற்றுக்கொண்டார்.

சுற்றியிருப்பவர்களை வைத்துக் கணக்கைக் கழிக்கும்போதும் நிதானம் வேண்டும். ஆலனின் கம்ப்ளீஷன் 2018-ல் 52.8 சதவீதம், 2019-ல் 58.8, 2020-ல் 69.2. அந்த மூன்றாவது வருடம்தான் ரிசீவர் ஸ்டெஃபன் டிக்ஸ் மினசோட்டாவிலிருந்து வந்தார். வந்த வருடமே 127 பந்து பிடித்து லீக்கில் முதலிடம். எல்லாம் டிக்ஸ் செய்த மாயம் என்றார்கள். 2024-ல் டிக்ஸ் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார், ஆலனுக்கு எம்.வி.பி. கிடைத்தது. டிக்ஸ் உதவவில்லை என்பதல்ல இதற்கு அர்த்தம். 2020-ல் ஆலனுக்குக் கோச்சாக இருந்த பிரையன் டேபோலோடு அது மூன்றாவது சீசன், சீசன் இல்லாத மாதங்களில் எறியும் முறையையும் அவர் திருத்திக்கொண்டிருந்தார். ஒரே காரணத்தைத் தேடுவதில்தான் தவறு.

சான் ஃபிரான்சிஸ்கோவின் பிராக் பர்டியை "சிஸ்டம் குவார்ட்டர்பேக்" (கோச்சின் திட்டத்தால் மட்டும் ஜொலிப்பவர்) என்று ஒதுக்குபவர்களுக்கும் இதையே சொல்வேன். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2022-ன் கடைசி ஆள், 262-வது தேர்வு. கோச் கைல் ஷனஹானின் அஃபென்ஸ் (தாக்குதல் ஆட்டம்) யாருக்கும் உதவும் என்பது சரி. ஆனால் அதே ஷனஹானிடம் ஜிம்மி கராபலோவும் ஆடியிருக்கிறார், 2021-ல் மூன்றாவதாக எடுக்கப்பட்ட டிரே லான்ஸும் இருந்தார். பர்டியை அவர்களோடு வைத்துப் பாருங்கள், கான்சாஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸோடு அல்ல.

டிராஃப்ட் நாளின் முத்திரை

உயரம், கை அளவு, எத்தனை யார்டு எறிய முடியும் என்பதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் 2000-ல் 199-வதாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி ஏழு சூப்பர் பவுல் வென்றார். 2007-ல் முதலாவதாக எடுக்கப்பட்ட, அசாத்தியக் கை பலம் கொண்ட ஜமார்கஸ் ரஸ்ஸல் மூன்று சீசனில் காணாமல் போனார். 2018 டிராஃப்டில் லமார் ஜாக்சன் ரிசீவராக மாறுவது நல்லது என்று யோசனை சொன்னவர்கள் உண்டு; 32-வதாக வந்தவர், அடுத்த ஆண்டே 50 வாக்கும் வாங்கி எம்.வி.பி. ஆனார். அதே டிராஃப்டில் முதலாவதாக வந்த பேக்கர் மேஃபீல்டையும் மூன்றாவதாக வந்த சாம் டார்னால்டையும் அவர்களை எடுத்த அணிகளே கைவிட்டன. 2024-ல் மேஃபீல்டு டாம்பா பேவில் 41 டச்டவுன் எறிந்தார், டார்னால்டு மினசோட்டாவில் 14 ஆட்டம் ஜெயித்தார்.

அவசரப்படாதீர்கள் என்பது இதிலிருந்து வரும் ஒரு பாடம். பேய்ட்டன் மேனிங்கே முதல் சீசனில் 28 இன்டர்செப்ஷன் எறிந்தவர். ஆனால் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வதும் தவறு. இப்போது அதுதான் அதிகமாக நடக்கிறது. பெரிய உடம்பு, பலமான கை, மோசமான துல்லியம் உள்ள கல்லூரி வீரர் யாராவது வந்தால் உடனே "அடுத்த ஜாஷ் ஆலன்" என்கிறார்கள். ஆலனைப் போலத் துல்லியத்தை ஏற்றியவர்கள் மிக மிகக் குறைவு என்பதால்தான் அவர் கதையை நாம் இத்தனை முறை சொல்கிறோம். ஃபுளோரிடாவில் 13 ஆட்டங்களில் மட்டுமே தொடக்க வீரராக ஆடி, கடைசி ஆண்டில் 53.8 சதவீதம் கம்ப்ளீட் செய்த ஆந்தனி ரிச்சர்ட்சனை இண்டியானாபோலிஸ் 2023-ல் நான்காவதாக எடுத்தது. 2024-ல் அவர் கம்ப்ளீஷன் 47.7 சதவீதம். நடுவில் அவரை உட்காரவைத்துவிட்டு ஜோ ஃப்ளாக்கோவை இறக்கினார்கள். அவரைப் பற்றி எழுதும்போதும், முதல் சீசன் தோள் காயத்தால் நான்கே ஆட்டத்தோடு முடிந்ததையும், எறிந்து பழக வேண்டிய காலத்தை அவர் சிகிச்சையில் கழித்ததையும் அந்த 47.7-க்குப் பக்கத்தில் எழுத வேண்டும்.