டெல்டாவுக்குக் குடிவருவோருக்கு: வீடு பிடிப்பது முதல் அரிசி வாங்குவது வரை

பணி மாறுதலாலோ, திருமணத்தாலோ, பெருநகர வாடகை கட்டுப்படியாகாததாலோ காவிரி டெல்டாவில் உள்ள தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் ஒன்றுக்குக் குடிவர இருப்பவர்களுக்காக இந்தச் செய்முறை விளக்கத்தை எழுதுகிறேன். இந்த ஊர்களில் காலி வீடு கிடைப்பது, கடையில் ஆள் எடுப்பது, அரிசி விலை, மீன் விலை எல்லாமே பெரும்பாலும் ஆற்றில் தண்ணீர் வரும் காலத்தையும் நெல் அறுவடையாகும் மாதத்தையும் ஒட்டியே நடக்கின்றன. ஆகவே எந்த ஊருக்குப் போவது என்று முடிவு செய்யும்போதே எந்த மாதத்தில் போவது என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மேட்டூர் அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பது மரபு. அதை நம்பி, குறுகிய கால நெல் பருவமான குறுவைக்கு நடவு நடக்கும். புரட்டாசி வாக்கில் குறுவை அறுவடையாகும். அடுத்த நெல் பருவங்களான சம்பாவும் தாளடியும் தை, மாசியில் களத்துக்கு வரும். இடையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதங்களில் பீரோவையும் மெத்தையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு டெல்டாவுக்கு வருவதைக் கூடுமானவரை தவிருங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் இங்கே பெரும்பாலோர் வீடு மாற மாட்டார்கள். அந்தப் பழக்கம் உங்களுக்கு ஒரு பொருட்டில்லை என்றால், என் கணிப்பில் ஆடிதான் மிகச் சிறந்த மாதம். காலியான வீட்டுக்கு அப்போது ஆள் வராது, வீட்டுக்காரர் வாடகையைக் குறைத்துப் பேச இறங்கி வருவார், மழை தொடங்க இன்னும் நாள் இருக்கும், தீபாவளிக்கு ஆள் எடுக்கும் கடைகளும் கொஞ்ச நாளில் பலகை மாட்டத் தொடங்கும். பழக்கத்தை விட மனமில்லாதவர்கள் ஆனி முடிவதற்குள் முன்பணம் கொடுத்துவிட்டு ஆவணியில் பால் காய்ச்சலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டு மே மாதமே வந்துவிடுவது நல்லது.

படி 2: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

மருத்துவம், கல்லூரி, கணினி சார்ந்த வேலை தேடுவோருக்குத் தஞ்சாவூர் ஏற்றது. மருத்துவக் கல்லூரி, தமிழ்ப் பல்கலைக்கழகம், திருமலைசமுத்திரத்தில் சாஸ்திரா பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு, 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட மினி டைடல் பூங்கா என்ற தகவல் தொழில்நுட்ப வளாகமும் அங்கே இருக்கிறது. கும்பகோணம் வியாபார ஊர். ஜவுளி, பாத்திரம், நகை, கோயிலுக்கு வருபவர்களை நம்பிய விடுதிகள், உணவகங்கள் என்று வேலைகள் சிதறிக் கிடக்கும். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணக் கோட்டத்துக்கும் சிட்டி யூனியன் வங்கிக்கும் தலைமை அலுவலகம் அங்கேதான். மயிலாடுதுறை 2020 டிசம்பரில்தான் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. திருவாரூருக்கு அருகே நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதைச் சுற்றி அறை வாடகை, சாப்பாட்டுக்கடை என்று ஒரு சிறு சந்தை உருவாகியிருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்பிடியும் அதைச் சார்ந்த தொழில்களும் முதன்மை.

காரைக்கால் பக்கத்தில்தானே இருக்கிறது, வாடகை ஒத்துவருகிறதே என்று அங்கே வீடு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. குடும்ப அட்டை, வேலைவாய்ப்புப் பதிவு, அரசு நலத்திட்டங்கள் எல்லாம் வேறு நிர்வாகத்தின் கீழ் வரும்.

ஒரே ஊரில் வேலையும் வீடும் அமைய வேண்டியதில்லை. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். ரயில் மெயின் லைனும் இரண்டையும் இணைக்கிறது. கணவனுக்கு ஓர் ஊரிலும் மனைவிக்கு மற்றோர் ஊரிலும் வேலை என்றால் இடையில் உள்ள பாபநாசத்தில் வீடு எடுத்து, சீசன் டிக்கெட்டில் போய்வருவது எளிது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் மாதச் செலவில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: வீட்டைப் பாருங்கள், அதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

டெல்டா சமதளம். மழைநீர் வடிவதற்குப் போதிய சரிவு இல்லாத தெருக்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே வீட்டின் உள்ளே நுழையும் முன் தெருவை ஒருமுறை முழுக்க நடந்து பாருங்கள். வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது, அது தூர் வாரப்பட்டிருக்கிறதா, ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறதா, வீட்டு வாசற்படி சாலையைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சாலையை மேல்மேலும் போட்டு உயர்த்தியதால் பழைய வீடுகள் பல பள்ளத்தில் இறங்கிவிட்டன. காம்பவுண்டுச் சுவரின் உட்புறம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடி, அதற்குக் கீழே சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்திருந்தால், அந்த உயரம் வரை தண்ணீர் நின்றிருக்கிறது என்று கொள்ளலாம். புதிதாக வெள்ளையடித்திருந்தால் வீட்டுக்குப் பின்புறம், கழிவறைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். அதுவரை யாரும் வெள்ளையடிப்பதில்லை.

வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டில் கேட்பது மேல். "அக்கா, போன ஐப்பசியில தெருவுல தண்ணி நின்னுச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். "நின்னுச்சாவா? ரெண்டு நாள் வண்டிய மெயின் ரோட்டுல விட்டுட்டு முட்டியளவு தண்ணியில நடந்து வந்தோம் தம்பி" என்று பதில் வந்தால் மாடி வீடாகத் தேடிக்கொள்வது நல்லது.

அடுத்து, குடிநீர். கடற்கரையை நெருங்க நெருங்க ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாகிக்கொண்டே போகும். போர்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து வாயில் விட்டுப் பாருங்கள். குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தெருக்குழாயோ வீட்டு இணைப்போ இருக்கிறதா, எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கும் வீடாகப் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. கூட்டு மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கினால் அந்தச் சலுகை உங்களுக்கு வந்து சேராது.

முன்பணத்தைப் பேசும்போது சட்டம் உங்கள் பக்கம் இருப்பதை நினைவில் வையுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்யப்பட வேண்டும். எழுத்து என்றாலே தயங்கும் வீட்டுக்காரர்கள் இங்கே நிறைய. அவர்களிடம் சட்டம் பேசினால் வீடு கிடைக்காது. வங்கிக்கும் ஆதாருக்கும் முகவரிச் சான்று வேண்டியிருக்கிறது என்று சொன்னால் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

படி 4: காகிதங்களை மாற்றுங்கள்

இதில் வரிசைதான் முக்கியம். வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் முதலில் ஆதாரில் முகவரியை மாற்றுங்கள். அதைக் கொண்டு குடும்ப அட்டையில் முகவரி மாற்றத்துக்குப் பொது விநியோக இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பியுங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8, எரிவாயு இணைப்புக்குப் பழைய முகவரின் மாற்றல் கடிதம் ஆகியவை பின்னால் வரலாம். அட்டை மாறும்வரை வேறு நியாயவிலைக் கடையில் பொருள் வாங்கவும் வழி இருக்கிறது. கடைக்காரரிடம் இருப்பு மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, மாதத்தின் பிற்பாதியில் போனால் முகச்சுளிப்பு இல்லாமல் கிடைக்கும்.

படி 5: வேலை தேடுங்கள்

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஏற்கனவே பதிந்தவர்கள் புதிய மாவட்டத்துக்குப் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதையும் விட்டுவிடக் கூடாது. அதே அலுவலகம் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களையும் நடத்துகிறது. முகாமுக்குத் தன்விவரக் குறிப்பில் நாலைந்து நகலும், சான்றிதழ் நகல்களும், உள்ளூர் முகவரியும் கொண்டு போங்கள். வெளியூர் முகவரியைப் பார்த்ததும் "எப்போது ஊருக்குத் திரும்புவீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

ஆனால் கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களில் பல வேலைகள் எந்த இணையதளத்துக்கும் வருவதில்லை. ஜவுளிக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை, தனியார் மருத்துவமனை, உணவகம் ஆகியவற்றின் கண்ணாடிக் கதவிலேயே "ஆட்கள் தேவை" என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றியும் பெரிய கடைத்தெருவிலும், மயிலாடுதுறையில் பட்டமங்கலத் தெருவிலும் காலை பதினொரு மணிக்கு மேல் ஒரு நடை போய் வாருங்கள். முகூர்த்த நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் ஜவுளிக்கடை முதலாளியைப் பார்க்கப் போகாதீர்கள். அவருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது.

அறுவடைக் காலத்தில் வேறொரு வகை வேலை திறக்கும். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் ஆகியோரை எடுப்பார்கள். அரிசி ஆலைகளிலும் லாரி செட்டுகளிலும் ஆள் தேவைப்படும். கொள்முதல் நிலைய வேலைக்கு முறையான அறிவிப்பு வரும். "இவ்வளவு கொடுத்தால் நானே வாங்கித் தருகிறேன்" என்று டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்காருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள். மேலும் இது பருவத்தோடு முடியும் வேலை. தை, மாசியில் கிடைக்கும் வருமானத்தை வைத்துச் சித்திரையையும் வைகாசியையும் ஓட்ட வேண்டியிருக்கும்.

திருபுவனம் பட்டு நெசவு, சுவாமிமலை ஐம்பொன் சிலை வார்ப்பு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பலர் ஆர்வமாகக் கேட்கிறார்கள். இவை கற்றுக்கொள்ள ஆண்டுகள் பிடிக்கும் தொழில்கள். அவற்றின் விற்பனை, கணக்கு, பொதி கட்டி அனுப்புதல் போன்ற பக்க வேலைகளுக்குப் புதியவர்களைச் சேர்ப்பதுண்டு. நேராகப் பட்டறைக்குப் போய்க் கேட்கலாம்.

எந்த வழியில் தேடினாலும் மூன்று மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்கட்டும்.

படி 6: கடைத்தெருவைப் பழகுங்கள்

காய்கறிக்கு உழவர் சந்தை. அதிகாலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் முற்றல் முருங்கையும் வாடிய கீரையும்தான் மிஞ்சும். விலைப் பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும் என்பதால் பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு அது நிம்மதி. வாழையிலை, வாழைத்தண்டு, வாழைப்பூ மூன்றும் இங்கே மலிவு. சென்னையில் வாங்கிப் பழகியவர்கள் முதல் வாரம் அளவுக்கு மேல் வாங்கிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அரிசி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். மூட்டை வாங்கும் முன் ஒரு கிலோ வாங்கி வடித்துப் பாருங்கள். தை அறுவடை முடிந்து வரும் புது அரிசி குழையும், "பழைய அரிசி இருக்கா?" என்று கேட்டு, ஆறு மாதமாவது இருப்பு வைத்ததை வாங்குங்கள். ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் வைத்து ஊதினால் தவிடும் குருணையும் எவ்வளவு என்று தெரியும். மூட்டை ஏன் 26 கிலோவாக இருக்கிறது என்று புதியவர்கள் கேட்பார்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பெயரிட்ட சிப்பத்துக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்ததும் ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டிக் கட்டத் தொடங்கின. இட்லிக்கு சி.ஆர். 1009 போன்ற குண்டு ரகத்தைக் கேளுங்கள். பொன்னியில் இட்லி வார்த்தால் கல்லாகிவிடும். மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா போன்ற பாரம்பரிய ரகங்கள் வேண்டுமென்றால், நெல் ஜெயராமன் தொடங்கிய திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்கு ஒருமுறை போய் வந்தால் சாகுபடி செய்பவர்களிடமே நேரில் பேசி வாங்கிக்கொள்ளலாம்.

மளிகைக்கு ஒரே கடையில் ரொக்கத்துக்கு வாங்கிக்கொண்டே இருங்கள். சில மாதங்கள் போனால் கடைக்காரர் தானாகவே பற்று நோட்டை எடுத்து உங்கள் பெயரை எழுதுவார். அதற்கு முன் நீங்களாகக் கடன் கேட்க வேண்டாம்.

படி 7: சாப்பாட்டுக்கு வழி செய்யுங்கள்

சமையல் சாமான் வந்து சேரும்வரை மெஸ்தான் கதி. மாதக் கணக்குக்குப் பேசும் முன் மதியம், இரவு என இரு வேளையும் சாப்பிட்டுப் பாருங்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் பல இடங்களில் இரவு டிபன் சுமார். விடுமுறை நாளுக்குக் கழிவு உண்டா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கும்பகோணத்தில் இட்லிக்கும் தோசைக்கும் கடப்பா என்று ஒன்று ஊற்றுவார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து குழைந்து, தேங்காய், சோம்பு, பச்சைமிளகாய் அரைத்துவிட்டது. குருமாவுக்கும் சாம்பாருக்கும் நடுவில் நிற்கும். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது; உட்காரும் முன்பே "இன்னிக்குக் கடப்பா உண்டா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். காபிப் பொடியை அரைத்துத் தரும் கடைகளில் சிக்கரி எவ்வளவு என்று அவர்களே கேட்பார்கள். தெரியாவிட்டால் குறைவாகப் போடச் சொல்லி நூறு கிராம் மட்டும் வாங்குங்கள். இனிப்பில் திருவையாற்று அசோகாவையும் நீடாமங்கலம் பால்திரட்டையும் அந்தந்த ஊரிலேயே வாங்கினால் சுவை வேறு.

மீன் சாப்பிடுபவர்கள் நாள்காட்டியில் ஒரு குறி போட்டு வைக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் கடல் மீன் வரத்து குறைந்து விலை ஏறும். ஐஸில் கிடந்ததும் புது மீன் என்று தட்டுக்கு வரும், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். அதே கோடையில்தான் தண்ணீர் வற்றும் கிராமத்துக் குளங்களில் மீன் பிடிப்பார்கள். கெண்டையும் விராலும் உயிரோடு விற்பனைக்கு வரும். எந்த ஊர்க் குளத்தில் என்றைக்கு வலை போடுகிறார்கள் என்பதைப் பால்காரரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.