காரில் பெட்ரோல் வாடையா? எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள்

பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று பட்டறைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எப்போ வருது?" என்றுதான். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, டேங்க் நிரப்பிய அன்றா, ஓட்டி நிறுத்திய பிறகா? பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அது தெரியாமல் கண்ணில் பட்ட ஹோஸையெல்லாம் மாற்றுவது காசுக்குப் பிடித்த கேடு.

அதற்கு முன் ஒன்று. வாடை மூக்கைத் துளைத்தாலோ, வண்டிக்கு அடியில் ஈரம் தெரிந்தாலோ ஸ்டார்ட் செய்யாதீர்கள். நியூட்ரலில் போட்டு வெட்டவெளிக்குத் தள்ளி, பானட்டைத் திறந்து விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து ஷெட்டுக்குள் தேங்கி நிற்கும். அந்த நேரத்தில் ஷெட்டின் லைட் சுவிட்சைக்கூடத் தொட வேண்டாம். குண்டு பல்பு மாட்டிய ஹேண்ட் லேம்ப் கீழே விழுந்து உடைந்தால் அதுவே தீ வைத்துவிடும். எல்இடி டார்ச் போதும், அதையும் தள்ளி நின்றே போட்டுக்கொண்டு வாருங்கள். பக்கத்தில் ஒரு பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

டேங்க் நிரப்பிய பிறகு மட்டும் வாடை வந்தால் பின்பக்கம் பாருங்கள். மூடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வெடித்திருக்கலாம். மூடியிலிருந்து டேங்குக்குப் போகும் தடிமனான ஹோஸ் விரிசல் விட்டிருந்தால், வளைவில் திரும்பும்போது வாடை கூடும். பின் சீட்டைத் தூக்கினால் பல கார்களில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குக் கீழேதான் பம்ப் உட்கார்ந்திருக்கிறது. அதன் கேஸ்கட் (கசியாமல் அடைக்கும் ரப்பர்) போயிருந்தால் டேங்க் முக்கால்வாசிக்கு இறங்கியதும் வாடை தானாக நின்றுவிடும். இதனால்தான் பலர் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

பங்க்கில் நாசில் தானாக நின்ற பிறகும் "ரவுண்டாப் போடுப்பா" என்று சொல்லும் பழக்கத்தை நிறுத்துங்கள். டேங்கில் எழும் ஆவியைப் பிடித்துவைக்க கேனிஸ்டர் என்று ஒரு கரி டப்பா இருக்கிறது. ஆவிக்காக வைத்த அந்தக் கரி திரவ பெட்ரோலில் நனைந்தால் வீணாகிவிடும். அப்புறம் டப்பாவையே மாற்ற வேண்டியதுதான்.

காருக்குள் வாடை வந்தால் ஒரு எளிய சோதனை. ஏசியை வெளிக்காற்றில் வைத்தால் வாடை வருகிறது, உள்காற்றுக்கு மாற்றினால் குறைகிறது என்றால் கசிவு பெரும்பாலும் பானட்டுக்குள். வெளிக்காற்று உள்ளே வரும் வழி முன் கண்ணாடியின் அடியில், எஞ்சினை ஒட்டித்தான் இருக்கிறது.

காலையில் குளிர்ந்த எஞ்சினில் வாடை, பத்து நிமிடம் ஓட்டியதும் காணோம் என்றால் என் சந்தேகம் எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மேல். பழைய ரப்பர் இறுகிச் சுருங்கிவிடும். எஞ்சின் சூடானதும் கொஞ்சம் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் மத்தியானம் பட்டறைக்குக் கொண்டுவந்தால் ஒன்றும் தெரியாது. இரவே வண்டியை வாங்கி வைத்து, விடிந்ததும் பார்ப்பேன். தூசி படிந்த எஞ்சினில் இன்ஜெக்டரின் அடியில் மட்டும் தூசி கழுவப்பட்டு, ஓரத்தில் பழுப்புக் கோடு இருக்கும். அந்தக் கோடுதான் சாட்சி. கழற்றினால் ஓ-ரிங் அப்பளம் மாதிரி ஒடியும்.

கழற்றுவதற்கு முன் பிரஷரை இறக்க வேண்டும். இன்ஜெக்ஷன் லைனில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும். அப்படியே கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். வெளியே சொட்டாத வண்டி என்றால் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விடலாம். சொட்டுகிற வண்டியில் அதைச் செய்யாதீர்கள். ஆற விட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இணைப்பைத் துணியால் சுற்றிக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள். புது ஓ-ரிங் வைட்டான் என்ற பெட்ரோல் தாங்கும் ரப்பரில் செய்ததாக இருக்கட்டும். ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி நேராக இறக்கினால் மடங்காது.

ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கார்புரேட்டர் வண்டிக்கு விற்கும் சாதா ஹோஸ் இன்ஜெக்ஷன் அழுத்தத்தைத் தாங்காது. மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதாகக் கேட்டு வாங்குங்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது உப்பியோ வெடித்தோ போவதைப் பார்க்கிறேன். எங்கள் திருநெல்வேலி வெயில் வேறு. எலி கடித்த ஹோஸும் நிறைய வருகிறது. அதில் டேப் சுற்றுவது, எம்-சீல் அப்புவது எதுவுமே மருந்தல்ல. முழு நீளத்தையும் மாற்றுங்கள். கிளிப்பும் ஓரம் மழுங்கிய இன்ஜெக்ஷன் கிளிப்பாக இருக்கட்டும். பல் வெட்டிய சாதா கிளிப் ரப்பரை அறுக்கும்.

பழைய மாருதி 800, அம்பாசடர் போன்ற கார்புரேட்டர் வண்டிகளில், வெயிலில் ஓட்டி நிறுத்தியதும் லேசாக வாடை வருவது இயல்பு. ஆனால் எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்து, மட்டமும் ஏறியிருந்தால் பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் டயாஃபிரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் நீடில் மூடாமல் இருக்கலாம். பழுதைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றும் வரை அந்த எஞ்சினை ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயிலில் பேரிங் தேய்ந்துவிடும்.

வேலை முடிந்ததும் உடனே ஸ்டார்ட் வேண்டாம். சாவியை ஆனில் மட்டும் வைத்தால் பம்ப் சில நொடி ஓடி நிற்கும். மூன்று நான்கு தடவை அப்படிச் செய்து, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் ஸ்டார்ட் செய்து, ஐடிலில் ஓடும்போது இன்னொரு தடவை பாருங்கள். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் ஒருமுறை.