ஃப்ரீ மெமரி 300 எம்பிதானா? பதறாதீர்கள்

லினக்ஸ் சர்வர் ஒன்று கைக்கு வந்த முதல் வாரத்தில் எல்லோரும் செய்கிற காரியம், ஃப்ரீ என்று கட்டளை அடித்து, 16 ஜிபியில் 300 எம்பிதான் மிச்சம் என்று பார்த்துவிட்டு, மெமரியைத் தின்கிற புரோகிராம் எது என்று தேடக் கிளம்புவது. அப்படி ஒன்று பெரும்பாலும் இருக்காது. டிஸ்கிலிருந்து ஒரு கோப்பைப் படித்தால் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் அதை உடனே தூக்கி எறியாது. மறுபடி கேட்டால் சட்டென்று கொடுக்கலாமே என்று ராமிலேயே வைத்திருக்கும். இதுதான் பேஜ் கேச். வேறு புரோகிராம் இடம் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும்.

ஆகவே ஃப்ரீ என்ற எண்ணை விடுங்கள், கேச் விட்டுக்கொடுக்கக்கூடியதையும் சேர்த்துப் புரோகிராம்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அதே கட்டளை காட்டும் அவைலபிள் என்பதைப் பாருங்கள். 2014இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து அதைக் கெர்னலே கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதற்கு முன்பு ஃப்ரீயையும் கேச்சையும் நாமே கூட்டிக்கொண்டிருந்தோம், அதுவும் தப்புதான். ராமிலேயே கோப்புகளை வைக்கும் டெம்ப்எஃப்எஸ்ஸில் போட்டவையும் கேச் கணக்கில்தான் வரும், ஆனால் அவற்றை அழித்தாலோ ஸ்வாப்புக்கு, அதாவது ராமிலிருந்து தள்ளிவைக்க டிஸ்கில் ஒதுக்கிய இடத்துக்கு, அனுப்பினாலோ தவிர அந்த இடம் திரும்பாது.

எனக்கு எரிச்சல் தருவது டிராப் கேச்சஸ், அதாவது கேச்சைக் காலி செய்யச் சொல்லும் கெர்னல் கோப்பு. அதில் 3 என்று எழுதும் வரியை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போட்டு மணிக்கு ஒருமுறை ஓடவிடுகிறார்கள். ஃப்ரீ எண் ஏறும், பார்க்க அழகாக இருக்கும், அப்புறம் டேட்டாபேஸ் பேஜ் கேச்சிலிருந்து எடுத்துக்கொண்டிருந்ததை டிஸ்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டியதுதான். வேகத்தை அளந்து பார்க்கிற சோதனைகளுக்குத்தான் அது உதவும்.

ஸ்வாப்பை அடியோடு நிறுத்துவதும் இதே ரகம். ஸ்வாப்பில் 500 எம்பி கிடந்தால் கிடக்கட்டும், பல நாளாகத் தொடாத பக்கங்களாக, அதாவது மெமரித் துண்டுகளாக, இருக்கும். ஸ்வாப் இல்லையென்றால் அவற்றை வெளியே தள்ள வழியில்லாமல், நெருக்கடியில் கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் நிரல் இருக்கிற பக்கங்களையே கழற்றிவிட்டு, அடுத்த நொடியே டிஸ்கிலிருந்து திரும்பப் படித்துத் திணறும்.

சரி, நிஜமாகவே பற்றாக்குறையா என்று எப்படித் தெரியும்? அவைலபிள் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து ராமுக்கு வருவது), எஸ்ஓ (ராமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் கவனிக்காமல் விட்டால், மெமரி தீர்ந்ததும் கெர்னல் ஏவும் ஓஓஎம் கில்லர் எந்தப் புரோகிராமைக் கொன்றது என்று, கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் படித்துக்கொள்ளலாம்.