திரை கறுத்து மீள்கிறதா? கிராபிக்ஸ் டிரைவரைச் சோதித்துச் சரிசெய்யும் முறை

தண்டையார்பேட்டையில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் ஒருவர், ஆவணி முகூர்த்த நெருக்கடியில் தமது கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஃபோட்டோஷாப்பில் பெரிய பக்கம் ஒன்றைத் திறந்து பெரிதாக்கினால் திரை இரண்டு மூன்று விநாடிகள் கறுத்து, பிறகு தானாகவே திரும்புகிறது. சில வேளைகளில் திரும்பாமல் நீலத் திரையில் போய் நின்றுவிடுகிறது. அவர் கேட்டதெல்லாம் "ஃபார்மட் அடித்துக் கொடுங்கள்" என்பதுதான். வடசென்னையில் பழுதுபார்க்க வரும் கணினிகள் பலவும் இந்தத் தீர்ப்பை வீட்டிலேயே எழுதிக்கொண்டுதான் வருகின்றன. ஃபார்மட் செய்தால் சில நாள் சரியாக ஓடும் என்பதும் உண்மைதான். பழைய டிரைவர், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள், அழிந்துபோவதே அதற்குக் காரணம். அதே டிரைவர் இணையம் வழியாக மீண்டும் வந்து அமர்ந்தவுடன் பழைய கதை திரும்பிவிடும்; கோப்புகளை இழந்ததுதான் மிச்சம்.

திரை ஏன் கறுத்து மீள்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸுக்குள் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டிடம் ஒரு வேலையைக் கொடுத்து 2 விநாடிகளுக்குள் அது நகரவில்லை என்றால், டிரைவர் சிக்கிக்கொண்டதாக முடிவு செய்து, விண்டோஸ் அதை மீட்டமைக்கிறது. மீட்டமைப்பு வெற்றி பெற்றால் நாம் காண்பது ஒரு கணக் கறுப்பு மட்டுமே. தோற்றால் கணினி முழுவதும் நின்று, 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்ற செய்தி வருகிறது. அதன் பிழை எண் 116. விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் இந்தத் திரை நீலத்துக்குப் பதில் கறுப்பாக இருக்கும் என்பதால், மானிட்டர் அணைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. எழுத்துகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். திரை உறைந்துபோன நேரத்தில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினால், அதே மீட்டமைப்பை நாமே தூண்டலாம். சேமிக்காத வேலையைக் காப்பாற்ற இது பலமுறை உதவியிருக்கிறது.

எதையும் தொடுவதற்கு முன் பதிவேட்டைப் படிக்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தேடினால், நாள்வாரியாக ஒரு வரைபடம் திறக்கும். எந்த நாளில் கணினி நின்றது என்பதற்குச் சிவப்புக் குறியும், எந்த நாளில் எது நிறுவப்பட்டது என்பதற்கு வேறு குறியும் அதில் இருக்கும். ஆல்பக்காரரின் கணினியில் செவ்வாய் வரை ஒரு சிவப்புக் குறிகூட இல்லை. செவ்வாய் இரவு புதிய டிஸ்ப்ளே டிரைவர் ஏறியிருந்தது. புதன் முதல் நாளொன்றுக்கு நான்கைந்து சிவப்புக் குறிகள். இப்படி ஒரு சாட்சி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இதோடு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பதிவுகளுக்குள், 4101 என்ற எண்ணைத் தேடினால், டிரைவர் பதிலளிக்காமல் நின்று மீண்ட ஒவ்வொரு தருணமும் மணி நிமிடத்தோடு கிடைக்கும். நிறுத்தத் திரையில் கோப்பின் பெயரும் காட்டப்பட்டால், அதன் தொடக்க எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: 'என்.வி.' என்றால் என்விடியா, 'ஏ.எம்.டி.' அல்லது 'ஏ.டி.ஐ.' என்றால் ஏஎம்டி, 'ஐ.ஜி.டி.' என்றால் இன்டெல்.

4101 எங்கும் இல்லாமல், 41 என்ற எண் மட்டும் திரும்பத் திரும்ப இருந்தால் கதை வேறு. கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே 41 சொல்கிறது. அதன் விவரத்தில் பிழைக் குறியீடு சுழியமாக இருந்து, பளிச்சென்று அணைந்து மறுபடி எரியும் பழக்கமும் இருந்தால், டிரைவரை விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி), யுபிஎஸ், சுவரில் இருக்கும் பிளக் ஆகியவற்றைப் பாருங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெருக்களில் இது அரிதன்று.

இன்னொரு சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. கணினியை இயக்கியவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்பே தோன்றும் முதல் திரையான பயாஸ் திரையில் நிறப் புள்ளிகளோ கோடுகளோ தெரிகின்றனவா என்று கவனியுங்கள். அந்த நேரத்தில் விண்டோஸின் டிரைவர் ஏறியே இருக்காது. ஆகவே அங்கே தெரியும் கோளாறு கார்டினுடையது, கேபிளினுடையது அல்லது மானிட்டரினுடையது. எத்தனை டிரைவர் மாற்றினாலும் அது போகாது.

சந்தேகம் டிரைவர் மீது உறுதியானால், எளிய வழியிலிருந்து தொடங்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பகுதியை விரித்து, கார்டின் பெயர் மீது வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கத்துக்குப் போனால் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் இருக்கும். அது மங்கலாக இல்லாவிட்டால் அழுத்துங்கள். முந்தைய டிரைவர் திரும்பிவிடும். ஆல்பக்காரரின் சிக்கல் இதிலேயே தீர்ந்தது.

பொத்தான் மங்கலாக இருந்தால், அல்லது திரும்பிய பின்னும் நின்றால், முழுமையாகத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். இதற்கு டிடியு என்று சுருக்கமாக அழைக்கப்படும் 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச மென்பொருள் போதும். வரிசை இங்கே முக்கியம். முதலில் ஏற்றப்போகும் டிரைவரையும் டிடியுவையும் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, பிறகு இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்க மறந்தால், நாம் துடைத்து முடிப்பதற்குள் விண்டோஸ் தன் விருப்பத்துக்கு ஒரு டிரைவரைக் கொண்டுவந்து ஏற்றிவிடும். அடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று சென்று, அங்கே மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் 4 என்ற எண்ணை அழுத்தினால், அடிப்படை டிரைவர்களோடு மட்டும் ஓடும் சேஃப் மோட் வரும். புதிய மடிக்கணினிகளில் வட்டு பூட்டப்பட்டிருக்கக்கூடும் என்பதால், விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை முன்கூட்டியே எடுத்து வைத்திருங்கள். சேஃப் மோடில் டிடியுவை ஓட்டி, அது கணினியை மீண்டும் இயக்கியதும், திரை எழுத்துகள் பெரிதாகவும் மங்கலாகவும் தெரியும். பயப்பட வேண்டாம், அது மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவர். அதன் பிறகே தயாராக வைத்திருந்த டிரைவரை ஏற்ற வேண்டும்.

எந்த டிரைவரை ஏற்றுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். புதியதே சிறந்தது என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. பழைய கார்டுக்கு அது பொருந்தவே பொருந்தாது. என்விடியாவின் பழைய கெப்ளர் வகையைச் சேர்ந்த ஜிடி 710 போன்ற கார்டுகள் இன்றும் பல கடைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு என்விடியாவின் 470 வரிசையோடு புதிய மேம்பாடுகள் நின்றுவிட்டன. அதற்குப் பிந்தைய வரிசையை வலிந்து ஏற்ற முயல்வது வீண். மடிக்கணினியாக இருந்தால், அதன் தயாரிப்பாளர் தளத்தில் மாடல் எண்ணுக்கென்று கொடுத்திருக்கும் டிரைவரையே முதலில் முயலுங்கள். உள்ளமைந்த கிராபிக்ஸும் தனிக் கார்டும் சேர்ந்து ஓடும் இயந்திரத்தில் பொதுவான டிரைவர் சில வேளைகளில் ஒத்துப்போகாது.

இரண்டு வெவ்வேறு பதிப்புகளைச் சுத்தமாக ஏற்றியும் சிக்கல் தொடர்ந்தால் டிரைவரைக் குறை சொல்வதை நிறுத்திவிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை செலவாயிற்று. காசிமேட்டில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு கணக்கு அலுவலகத்தின் கணினிக்கு மூன்று முறை டிரைவர் மாற்றினேன். மூன்று முறையும் ஒரு மணி நேரத்துக்குள் நின்றது. கடைசியில் கார்டைக் கழற்றிப் பார்த்தபோது, மதர்போர்டில் செருகும் பொன்னிறப் பட்டைகளில் இடது ஓரத்து ஏழெட்டுப் பட்டைகள் பச்சை பூத்து மங்கியிருந்தன. உப்புக் காற்றின் வேலை. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மென்மையாகத் தேய்த்து, துகள்களை ஊதிவிட்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த பின் செருகியதும் கணினி நிற்பது நின்றது. கார்டைக் கழற்றுவதற்கு முன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ள மறக்காதீர்கள். விசிறி தடையின்றிச் சுற்றுகிறதா என்பதையும் அப்போதே விரலால் சுண்டிப் பார்த்துவிடலாம்.

விண்டோஸ் காத்திருக்கும் அந்த 2 விநாடி வரம்பை, அதன் அமைப்புகள் சேமிக்கப்படும் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி) நீட்டிவிடுமாறு சிலர் அறிவுரை கூறுவார்கள். நீண்ட நேரம் ரெண்டர் செய்யும் முப்பரிமாண வேலைக்காரர்களுக்கு அது நியாயமானது. வீடியோ பார்க்கும்போதே நின்றுபோகும் கணினியில் அதைச் செய்தால், கறுப்புத் திரை இன்னும் சற்று நீளும், அவ்வளவுதான்.

எல்லாம் சரியானதும், வேலை செய்த டிரைவரின் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு, பதிப்பு எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கேபினட்டின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். விண்டோஸ் அப்டேட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைத்து, அந்த நாள்களில் ரிலையபிலிட்டி வரைபடத்தில் சிவப்புக் குறி எதுவும் விழுகிறதா என்று அவ்வப்போது பார்த்து வாருங்கள். ஆல்பக்காரரின் கேபினட்டில் அந்தச் சீட்டை ஒட்டியபோது, "பேரம் பேசாமல் ஃபார்மட் காசையே வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.