மாத்திரை விட்டுப்போய் நடுவில் ரத்தம் பட்டால் என்ன செய்வது?

கருத்தடை மாத்திரை இரண்டு நாள் மறந்துபோகிறது. அடுத்த ஓரிரு நாளில் உள்ளாடையில் பழுப்பாகக் கறை. பலரும் "பீரியட்ஸ் வந்துவிட்டது" என்று அட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். கர்ப்பம் தங்க வழிவிடுவது அந்த நிறுத்தம்தான். ரத்தத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எத்தனை மாத்திரை விட்டது, அட்டையின் எந்த வாரத்தில் விட்டது என்று மட்டும் பாருங்கள்.

ஏன் ரத்தம் படுகிறது? மாத்திரையிலுள்ள ஹார்மோன்தான் கருப்பையின் உள்சவ்வைப் பிடித்து வைத்திருக்கிறது. அது உடலில் குறைந்ததும் சவ்வின் ஒரு பகுதி உதிர்கிறது. மாத்திரை விட்டு இரண்டு மூன்று நாளில் கறை தெரிவது இதனால்தான். மீண்டும் ஒழுங்காகப் போடத் தொடங்கினாலும் உதிரத் தொடங்கியது சட்டென்று நின்றுவிடாது. சில நாள் சொட்டும்.

படி 1: அட்டையைப் பாருங்கள்

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரைதான் அதிகம் பேர் போடுவது. 21 ஹார்மோன் மாத்திரைகளும், 28 மாத்திரை அட்டையானால் பெரும்பாலும் வேறு நிறத்தில் 7 வெற்று (ஹார்மோன் இல்லாத) மாத்திரைகளும் இருக்கும். சில அட்டைகளில் ஹார்மோன் மாத்திரை 24, வெற்று மாத்திரை 4 என்று இருக்கும். வெற்று மாத்திரை விட்டுப்போனால் தூக்கி எறிந்துவிடுங்கள், அதனால் ஒன்றும் ஆகாது. அடுத்த அட்டையைத் தொடங்கும் நாள் மட்டும் தள்ளிப்போகக் கூடாது.

புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரைக்கு (பால் கொடுக்கும் தாய்மாருக்கு அதிகம் தருவது) கணக்கு வேறு, கடைசியில் பார்ப்போம். வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று போடும் ஹார்மோன் இல்லாத மாத்திரைகளுக்கு இந்தப் பதிவு பொருந்தாது.

படி 2: மணி நேரத்தை எண்ணுங்கள்

போட வேண்டிய நேரத்திலிருந்து 48 மணி நேரம் ஆகவில்லை என்றால், விட்டதை உடனே போட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு வந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் குமட்டலாம். ஆணுறை தேவையில்லை.

48 மணி நேரம் தாண்டினால் இரண்டு மாத்திரை விட்டதாகக் கணக்கு. தினமும் இரவு 9 மணிக்குப் போடுபவர் செவ்வாய், புதன் இரண்டு நாளும் மறந்து, வியாழன் இரவு 10 மணிக்கு நினைத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். கடைசியாக விட்ட புதன்கிழமை மாத்திரையை உடனே போட வேண்டும். வியாழக்கிழமைக்கு உரியதையும் கூடவே போடலாம். செவ்வாய்க்கிழமை மாத்திரையைப் பிரித்து எறிந்துவிடுங்கள். அட்டையிலேயே விட்டால் நாளைக்குக் கிழமை குழம்பும். விட்டதை எல்லாம் சேர்த்து மூன்று நான்காக விழுங்கினால் வாந்திதான் மிச்சம். அதன்பின் தொடர்ந்து 7 நாள் மாத்திரை போட்டு முடியும்வரை ஆணுறை, அல்லது உறவைத் தவிர்ப்பது.

படி 3: எந்த வாரம்?

முதல் வாரம்தான் ஆபத்து அதிகம். வெற்று மாத்திரை நாட்களில் முட்டைப்பை ஏற்கெனவே விழித்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும். அதோடு இரண்டு நாள் விடுபட்டால் இடைவெளி 9 நாளாகி, முட்டை வெளிவர வாய்ப்பாகிறது. புது அட்டையைத் தாமதமாகத் தொடங்குவதும் இதே கதைதான். முதல் வாரத்தில் இப்படி இரண்டு விட்டு, கடந்த 5 நாளில் பாதுகாப்பில்லாத உறவும் இருந்திருந்தால், அவசர கருத்தடை மாத்திரை பற்றி உடனே மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. என்றால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம். அதுவும் ரத்தப்போக்கைத் தாறுமாறாக்கும், பயப்பட வேண்டாம்.

நடு வாரத்தில் விட்டால், அதற்கு முந்தைய 7 நாளும் சரியாகப் போட்டிருந்தால், படி 2 போதும்.

மூன்றாம் வாரத்தில் இரண்டு விட்டால், மீதி ஹார்மோன் மாத்திரைகளை முடித்துவிட்டு, வெற்று மாத்திரைகளை ஒதுக்கி, மறுநாளே புது அட்டையைத் தொடங்குங்கள். அந்த மாதம் வழக்கமான பீரியட்ஸ் வராமல் போகலாம், சொட்டுச் சொட்டாகப் படலாம்.

படி 4: ரத்தம் படும்போது

அட்டையை நிறுத்தாதீர்கள். ரத்தம் படும்போது நிறுத்தினால் ஹார்மோன் இன்னும் குறைந்து, இன்னும் அதிகம் போகும். பழுப்புக் கறையோ லேசான சிவப்போ சில நாளில் தானாக அடங்கும். பேடில் எத்தனை நாள், எவ்வளவு என்று குறித்து வையுங்கள். தினமும் ஒரே நேரத்துக்கு அலாரம் வைத்தால் பெரும்பாலும் அடுத்த அட்டையில் சரியாகிவிடும்.

படி 5: எப்போது சோதனை, எப்போது மருத்துவர்?

ரத்தம் பட்டதால் கர்ப்பம் இல்லை என்று ஆகாது. பாதுகாப்பில்லாத உறவுக்கு 21 நாள் கழித்துச் சிறுநீர்ச் சோதனை செய்யுங்கள். அதற்கு முன் இல்லை என்று வந்தால் நம்ப முடியாது.

தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு ஒரு பேட் முழுக்க நனைந்தால் காத்திருக்காதீர்கள். அடிவயிற்றின் ஒரு பக்கம் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் இருந்தால் கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். உடனே அவசரப் பிரிவு. உறவுக்குப் பின் ரத்தம், காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் காரணம் மாத்திரையல்ல, தொற்றாகவும் இருக்கலாம்.

ஒன்றும் விடாமல் போட்டும் ரத்தம் படுகிறதா? புதிதாகத் தொடங்கிய முதல் மூன்று மாதத்தில் அது சகஜம். அதன்பிறகும் பட்டால் வேறு மருந்துகளைப் பாருங்கள்: காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடாய்ன் ஆகியவை ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். போட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள்.

புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரைக்கு

பழைய வகைகளுக்கு (நார்எத்திஸ்டிரோன், லெவோநார்ஜெஸ்ட்ரல்) 3 மணி நேரம், டெசோஜெஸ்ட்ரலுக்கு 12 மணி நேரம் தாண்டினாலே விட்டதாகக் கணக்கு. நினைவு வந்ததும் ஒன்று போட்டு, வழக்கம்போல் தொடருங்கள். அடுத்த 48 மணி நேரம் ஆணுறை. ட்ரோஸ்பைரினோன் வகைக்கு 24 மணி நேரம் வரை தாங்கும், ஆனால் தாண்டினால் 7 நாள் ஆணுறை. இந்த மாத்திரைகளில் எதுவுமே விடாதபோதும் ஒழுங்கில்லாத சொட்டு உண்டு. அதைப் பார்த்து "எதையோ மறந்துவிட்டேன்" என்று கூடுதலாக விழுங்காதீர்கள்.