துருப்பிடித்த ஒப்பினெல் கத்தியைத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது

போன வருஷம் பக்கத்து வீட்டு மதாம் தோட்டக் கொட்டகையைக் காலி செய்தார். ஆணி போட்டுவைத்த தகர டப்பாவின் அடியில் ஒரு மடக்குக் கத்தி கிடந்தது. "என் கணவருடையது, உனக்கு உபயோகப்படுமா பார்" என்று கையில் வைத்தார். ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தி, அளவு எண் 8. அலகு முழுக்கத் துரு. பீச் மரப்பிடி வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. கழுத்தில் பூட்டு வளையம் இருந்ததால் 1955-க்குப் பிந்தியது என்று தெரிந்தது. அந்த வளையம் வந்ததே அந்த வருஷம்தான்.

நான் இருப்பது பிரான்ஸின் சவோய் பகுதியில், ஷாம்பெரி நகரத்தில். கத்தி தயாராவதும் இங்கேதான். 1890-இல் மொரியேன் பள்ளத்தாக்கில் ஜோசப் ஒப்பினெல் முதல் கத்தியைச் செய்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. அலகு, பிடி, ஆணி, கழுத்துப் பட்டை, வளையம் என்று மொத்தமே ஐந்து உறுப்புகள். ஸ்பிரிங்கும் இல்லை, திருகும் இல்லை. எழுபது வருஷக் கத்தியைக்கூடச் சமையல் மேசையிலேயே சரிசெய்ய முடிவது அதனால்தான்.

முதலில் திறக்க வேண்டும். ஈரம் ஏறினால் மரம் ஊதி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். நகத்தை விட்டு நெம்பாதீர்கள், நகம்தான் போகும். வளையம் பூட்டியிருந்தால் திருப்பி விடுங்கள். வளையமும் இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பொறுங்கள். பிறகு கழுத்துப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, பிடியின் வால்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுங்கள். அலகு தானாக எட்டிப் பார்க்கும். இதற்கு இங்கே 'சவோயார் தட்டு', அதாவது சவோய்க்காரர் தட்டு, என்று பெயர். மதாம் ஒரே தட்டில் திறந்தார், எனக்கு நாலைந்து தட்டு ஆயிற்று.

திறந்ததும் வளையத்தைத் திருப்பிப் பூட்டுங்கள். இனி செய்யும் எல்லா வேலையும் பூட்டிய நிலையில்தான். துருவின் மேல் சமையல் எண்ணெய் தடவி ஓர் இரவு விடுங்கள். காலையில் நைசான இரும்பு நாரால் அலகின் நீளவாக்கில் தேயுங்கள். அலகில் மகுடம் வைத்த கை முத்திரை ஒன்று இருக்கும். 1909-இல் வந்த அடையாளம் அது. கை அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள சேன்-ழான்-த-மொரியேன் ஊரின் சின்னத்திலிருந்தும், மகுடம் சவோய் பிரபு வம்சத்திலிருந்தும் வந்தவை. அந்த இடத்தில் மட்டும் துணியால் துடைத்தால் போதும், நார் படக் கூடாது.

பிடியை ஹீட்டர் மேல் வைத்துக் காயவைக்காதீர்கள், வெடித்துவிடும். காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள் கிடக்கட்டும். அதன் பிறகும் அலகு இறுக்கமாக வந்தால், உப்புத்தாளை ஒரு அட்டையில் மடித்துப் பள்ளத்துக்குள் விட்டு இருபுறமும் லேசாகத் தேயுங்கள். பிடியின் வெளிப்புறத்தையும் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மூன்று நாள், மூன்று பூச்சு. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட வேண்டாம், தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

தீட்டுவதற்கு 1000 எண் சாணைக்கல் ஒன்று போதும். அலகின் முதுகு கல்லிலிருந்து எவ்வளவு உயர வேண்டும் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒரு யூரோ நாணயம் மூன்றை அடுக்கி அந்த உயரத்தைக் கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இருபது டிகிரி வரும். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்க விளிம்பில் விரலுக்குத் தட்டுகிற மாதிரி பிசிறு எழும்பும். முழு நீளத்துக்கும் எழும்பிய பிறகே திருப்புங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில், முதுகுப் பக்கமாக இழுத்துப் பிசிறை எடுங்கள்.

இனி நிறம். தேய்த்த கார்பன் எஃகு பளபளவென்று இருக்கும். அதைக் கண்டு மகிழாதீர்கள், அந்த நிலையில்தான் சீக்கிரம் துரு ஏறும். வெங்காயம் நறுக்கினால் இரும்பு வாடையும் வரும். ஆப்பிள், வெங்காயம், தக்காளி என்று நறுக்கி, ஒவ்வொரு தடவையும் உடனே துடைத்து வாருங்கள். இரண்டு வாரத்தில் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு போர்வை படியும். வாடை போகும், துருவும் எளிதில் அண்டாது. அவசரமென்றால் சூடான வினிகரில் சில நிமிஷம் அலகை மட்டும் நனைக்கலாம். எனக்கு மெல்ல வருகிற நிறம்தான் பிடிக்கும். புதுச்சேரியில் அம்மாவின் அருவாமனை இதே நிறம்தான். வாழைப்பூ அரிந்த கையோடு துடைத்து, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவித்தான் சாய்த்து வைப்பார்.

ஒரு தடவை மாம்பழம் அரிந்துவிட்டுத் துடைக்காமல் தூங்கப் போனேன். காலையில் சாறு காய்ந்த இடமெல்லாம் கறுப்பாக அரித்திருந்தது. மேலே இருந்த கறுப்பு தேய்த்ததும் போனது. அடியில் ஊசிமுனை அளவுக்குக் குழிகள், அவை இன்னும் இருக்கின்றன. ஊறப்போடக் கூடாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவே கூடாது. ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி, அவ்வளவுதான். மடக்கும் முன் ஆணிப் பக்கம் ஈரம் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். துணி அங்கே எட்டாது, வாயால் ஊதிவிட்டு மடக்குங்கள்.